மேடைக்கு வராத மாணவன்

ஆளுமை வளர்ச்சி, வாழ்க்கைத் திறன் கல்வி, தலைமைப் பண்புப் பயிற்சி எனப் பல பெயர்களில் இளையோருக்கான திட்டங்கள் நம் பள்ளிகளில் நடைபெறுகின்றன. தமிழக அரசு 2022 மார்ச் முதல் நாளன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. இளைஞனைத் திருத்தப்பட வேண்டிய சிக்கலாகக் கருதாமல், வளர்க்கப்பட வேண்டிய ஆற்றலாகக் காண்பது இவற்றின் அடிப்படை. அந்நோக்கு போற்றுதற்குரியது. ஆயினும், இவற்றின் பயனை நாம் அளவிடும் முறை குறையுடையது.

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரம் பகுதியில் பள்ளி மாணவருக்கு மூன்று நாள் முகாம் நடத்தி, அறிக்கையும் எழுதினேன். பங்கேற்றோர், சான்றிதழ் பெற்றோர், நிறைவு விழாவுக்கு வந்த பெற்றோர் என எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை தந்தேன். முதல் நாள் குழுத் தலைவனாகத் தெரிவு செய்யப்பட்ட மாணவன் அடுத்த இரு நாளும் வரவில்லை. அவனுக்கு என் அறிக்கையில் இடமில்லை. பின்னர் அவன் வீட்டுக்குச் சென்றபோது, தறியில் தந்தைக்கு அருகே உட்கார்ந்திருந்தான். “முதல் நாள் ரொம்ப நல்லா இருந்துச்சு, ஃபாதர்” என்றான். அச்சொல்லை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இவ்வூர்த் தொழிலை அறிந்தோருக்கு இது வியப்பன்று. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைப் புடவைக்கு, நெய்பவரோடு கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது பெரும்பாலும் சிறுவர் கையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் அக்கையைத் தறியோடு பிணைத்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறாரைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. எனினும், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் சிறுவர் உதவுவதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. வருகைப் பதிவேட்டில் தறியின் சுமை தெரிவதில்லை.

முறையான மதிப்பீடு எத்தகையது என்பதற்குப் பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டம் சான்று தருகிறது. அங்கே ‘செஹர்’ என்னும் பள்ளி நலத் திட்டத்தை ஆராய்ந்தோர், 75 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவில் இதற்கெனவே அமர்த்தப்பட்ட ஆலோசகர் திட்டத்தை நடத்தினார்; மற்றொன்றில் பள்ளி ஆசிரியர் நடத்தினார்; மூன்றாவது பிரிவில் இத்திட்டம் இல்லை. 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் முடிவுகளை வெளியிட்டது. ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. இதனால் ஆசிரியரைக் குறை கூறலாகாது. பாடமும் தேர்வும் சுமப்பவர் தோளில் இன்னொரு சுமையை ஏற்றினால் என்ன ஆகும் என்பதையே நாம் எண்ண வேண்டும். தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டும் வெற்றி என்றே அறிக்கை வந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் உண்மை வெளிப்பட்டது.

இத்தகைய பெரும் ஆய்வு நம் பள்ளிகளுக்கு இயலாது. ஆனால் மூன்று கேள்விகள் கேட்க இயலும். வராதவர் யார், ஏன் வரவில்லை? திட்டம் நடவாத வகுப்போடு ஒப்பிட்டால் என்ன வேறுபாடு? ஓராண்டு கழித்து எஞ்சியிருப்பது என்ன? முதற்கேள்வியே தலையாயது. ஏனெனில் திட்டம் யாருக்கு மிகவும் தேவையோ, அவரே பெரும்பாலும் வர இயலாதவர்.

பட்டு வாங்க வருவோர் முந்தானையின் அழகில் மயங்கிவிடாமல், புடவையைப் புரட்டி மறுபக்கமும் பார்க்கின்றனர். பிள்ளைகளின் வாழ்வைத் தொடும் திட்டத்துக்கு அந்த அளவு கவனமேனும் வேண்டாமா? இனி நான் எழுதும் அறிக்கையின் முதற்பக்கத்தில் வராதவர்களின் பெயர்களே இருக்கும்.