வெள்ளவத்தை அறைக்கு எந்த இசைக்கணினி?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இசையமைக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, மக்புக் வாங்கினால்தான் சரிவருமா என்று. ஏ. ஆர். ரஹ்மான் லொஜிக் பாவிக்கிறார், லொஜிக் ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓடும், ஆகவே ஆப்பிள் என்பது அவர்களின் கணக்கு. ரஹ்மானின் ‘ரோஜா’ வந்தது 1992இல். லொஜிக் என்ற பெயரில் ஒரு மென்பொருள் வந்ததோ 1993இல். ஆகவே பெரியவர்களின் மேசையைப் பார்ப்பதை விட்டு, பாட்டு உருவாகப்போகும் அறையிலிருந்து தொடங்குவோம்.

அந்த அறை பெரும்பாலும் தொடர்மாடியில் ஒரு படுக்கையறை. வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி பஸ்கள், மறுபக்கம் கடலோர ரயில் பாதை. கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா பேராலய மணியும் கோயில் மேளமும். இங்கே கண்டென்சர் மைக் வைத்தால் பாடகரின் மூச்சோடு பஸ் ஹோர்னும் பதிவாகும். கடற்காற்றின் ஈரமும் அதற்கு ஆகாது. 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷுவர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாயருகே வைத்துப் பாடினால் அறை பின்னுக்குப் போய்விடும். குரலின் மேல்நுனி மினுக்கம் சற்றுக் குறையும், ஒடியோ இன்டர்ஃபேஸில் ஒலியை நன்றாகக் கூட்டவேண்டியும் வரும். மினுக்கத்தைப் பிறகு ஓரளவு சேர்க்கலாம். பதிவான ரயிலை எடுத்தெறிய முடியாது.

அடுத்தது கமகம். விளம்பரங்கள் தொடாத இடம் இது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துதான் தன்னைக் காட்டும். கீபோர்டின் பிட்ச் பெண்ட் சக்கரம் வழக்கமாக இருபக்கமும் 2 அரைச்சுரம் வளைக்கும். தோடியின் அசைவு அதற்குள் மயிரிழையில் அடங்கும். ஆனால் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு இழுக்க 7 அரைச்சுரம் வேண்டும். ஆகவே சக்கரத்தின் எல்லையை 12 ஆக்க இடம்தரும் மென்பொருள் வாத்தியங்களையே தேடவேண்டும். 2018இல் தரமாக ஏற்கப்பட்ட எம்பிஇ விசைப்பலகைகள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் என்று ஆசைகாட்டுவார்கள். பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் இசைக்கு அது வரம்தான். நாதஸ்வரமும் வயலினும் நம் இசையில் ஒற்றைக் கோடாகப் போகின்றன, அந்தச் செலவு அங்கே வீண்.

இவ்வளவு செய்தாலும் சக்கரத்தால் உருட்டிய நாதஸ்வரம், ஊதுகிறவரின் நாதஸ்வரத்துக்கு அருகில் வராது. ஆளை அழைத்துப் பதிவுசெய்யத்தான் வேண்டும். மென்பொருளைத் தெரிவுசெய்வதற்கான முதல் உரைகல்லும் இந்தப் பதிவே. எஃப்எல் ஸ்டூடியோவை ராப், பைலாத் தாளங்களுக்கு நான் மதிக்கிறேன். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம். ஆனால் அதன் மலிவான பதிப்பில் குரலைப் பதிவுசெய்ய வழியில்லை. அதன் தாளக்கட்டமும் 16 பெட்டிகளில் தொடங்குவது. மாற்றலாம், என்றாலும் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு அமைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்ட நேரும்.

றீப்பர் என்ற மென்பொருள் முதல் நாளே பதிவுசெய்யும், எந்த இடத்திலும் தாளம் மாற்ற விடும். 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம். பிறகு தனியாட்களுக்கும் சிறு வருமானக்காரருக்கும் 60 டொலர், ஒரே தடவை. அந்தக் கடைசிச் சொல் இலங்கையில் கனமானது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதச் சந்தாவில் பாட்டுச் செய்கிறவரின் செலவு அப்படியான நாளில் அவர் கையில் இல்லை. கிராக் பிரதி இலவசமென்பார்கள். கணினிக்குள் வேறென்ன நுழைகிறது என்று தெரியாமல் அதில் ஒரு வருட உழைப்பை வைக்க நான் சம்மதியேன்.

றீப்பரின் குறை பெரியது: வாத்தியங்கள் என்று சொல்ல அதற்குள் அதிகமில்லை, ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கவேண்டும். லொஜிக் ஒரு களஞ்சியத்தோடு வருகிறது. திரைப்படப் பின்னணிக்காக வயலின் கூட்டமும் பித்தளை வாத்தியங்களும் நாளாந்தம் தேவைப்படுகிறவர் ஆப்பிளுக்குப் போவது நியாயம். மக்புக் எயாரில் விசிறி கிடையாது. மைக்கும் கணினியும் ஒரே மேசையில் இருக்கும் அறையில் அந்த அமைதிக்கு விலை உண்டு. ஆனால் பிறகு நினைவகம் கூட்ட முடியாது.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு: 16 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள விண்டோஸ் மடிக்கணினி, அதில் றீப்பர். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் அதே காசுக்கு வேகமான மேசைக்கணினி காட்டுவார்கள், வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்துக்குப் போனது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டது. மடிக்கணினியின் பற்றரி, யூஎஸ்பியில் ஓடும் இன்டர்ஃபேஸுக்கும் சேர்த்து மின்கொடுக்கும், பதிவு நடுவில் அறுந்துபோகாது. அதனோடு டைனமிக் மைக், மூடிய ஹெட்ஃபோன், சக்கரமுள்ள 25 விசைக் கீபோர்ட். ஸ்பீக்கர் பிறகு வாங்கலாம், பக்கத்து வீட்டாரும் தூங்கவேண்டும். மக்புக் வாங்காமல் மிஞ்சும் காசில் ஒரு பிற்பகல் நாதஸ்வரக்காரர் ஒருவரை அழைத்து, அவர் கேட்கும் சம்பளத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.