மாமல்லைக்கு எத்தனை பெயர்? மெட்டா குறிகள் பற்றி ஒரு விமரிசனம்

கடற்கரைக் கோயிலைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர், தேடுபொறியில் எந்தச் சொல்லைத் தட்டுவார்? மாமல்லபுரம் என்பார், மகாபலிபுரம் என்பார், திவ்விய தேசங்களை அறிந்தவர் கடல்மல்லை என்பார். ஐரோப்பிய மாலுமிகள் வழங்கிய 'ஏழு பகோடாக்கள்' என்ற பெயரில் தேடுவோரும் உண்டு. யுனெஸ்கோ 1984-இல் தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் பதிந்துகொண்ட பெயர் மகாபலிபுரம். அடுத்துள்ள செங்கற்பட்டின் கதையும் இதுதான். செங்கற்பட்டு, செங்கல்பட்டு, சிங்கிள்புட், செங்கல்பெட் என்று எழுத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாவட்டமும் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்து, 2019-இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மீண்டும் உருவாயிற்று.

இப்பகுதியைப் பற்றிச் சொந்தமாக இணையதளம் அமைக்கும் மாணவருக்கோ சிற்பிக்கோ, தெரிந்தவர்கள் தவறாமல் ஓர் அறிவுரை கூறுகிறார்கள். "மெட்டா குறியில் எல்லாப் பெயர்களையும் போட்டுவிடு, தேடுபொறி தானாகக் கொண்டுவரும்." கணினி கற்பிக்கும் கையேடுகள் சிலவும் இதையே ஒப்பிக்கின்றன. இது எவ்வளவு தூரம் சரி?

ஓர் இணையப் பக்கத்துக்குத் தலைப்பகுதி, உடற்பகுதி என இரண்டு உண்டு. நாம் படிப்பது உடற்பகுதியை. தலைப்பகுதியில் உள்ள மெட்டா குறிகள், பக்கத்தைப் பற்றிக் கணினிக்குச் சொல்லப்படும் செய்திகள். 1995-இல் வெளியான எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பிலேயே இவை இடம்பெற்றன. அவற்றுள் 'கீவேர்ட்ஸ்' என்பது நூலகத்து அட்டையில் எழுதும் பொருட்சொல் போன்றது. அல்டாவிஸ்டா முதலிய அக்காலத் தேடுபொறிகள் அதைப் பொருட்படுத்தின. ஆனால் முக்கியமான ஒரு வேற்றுமை உண்டு. நூலகத்தில் பொருட்சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் நூலகர். இங்கோ பக்கத்தின் சொந்தக்காரரே தேர்ந்தெடுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதையும் எழுதலாம் என்றால் என்ன நடக்கும்? அறை வாடகைக்கு விடுபவர் 'பல்லவர் சிற்பம்' என்று ஐம்பது முறை எழுதிவைத்தார். பக்கத்தைத் திறந்தால் குளிர்சாதன அறையின் கட்டணம்!

விளைவு தெரிந்ததே. பக்கங்களை வரிசைப்படுத்தக் கீவேர்ட்ஸ் குறியைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. ஆண்டுகள் பல கழிந்த பின்னும் அதே அறிவுரை உலவுவது வியப்பே. ஒரு வருத்தமும் உண்டு. ஓர் ஊருக்கு நான்கு பெயர் இருக்கும்போது, அந்நான்கையும் நேர்மையாகக் குறிப்பதற்கு ஏற்ற இடமாக அக்குறி இருந்திருக்கும். வணிகர்களின் பேராசை எளியவர்களின் வசதியையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

இன்றும் மதிப்புள்ளது 'டிஸ்கிரிப்ஷன்' என்னும் விவரக்குறி. இதுவும் வரிசையில் பக்கத்தை மேலே தூக்காது. ஆனால் தேடல் முடிவில் தலைப்பின் கீழே தோன்றும் ஓரிரு வரிகளைத் தேடுபொறி பல சமயம் இதிலிருந்தே எடுக்கிறது. "மாமல்லபுரம் பற்றிய சிறந்த தளம், வருக வருக" என்று எழுதினால் யாருக்கு என்ன பயன்? "2004 சுனாமிக்குப் பின் தொல்லியல் துறை அகழ்ந்து கண்ட சாளுவன்குப்பம் முருகன் கோயில்: படங்களும் செல்லும் வழியும்" என்று எழுதினால், தேடியவர் தமக்கு வேண்டியது இதுதானா என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துக்கொள்வார். மாற்றுப் பெயர்களைப் பக்கத்தின் தலைப்பிலும், முதல் பத்தியிலும், படிப்பவர் கண்ணில் படும்படி எழுதுவதே முறை.

'ரோபோட்ஸ்' குறியில் 'நோஇண்டெக்ஸ்' என்று இருந்தால் பக்கம் அட்டவணையில் சேராது. தளத்தைக் கட்டும் காலத்தில் போட்டுவிட்டு, பிறகு எடுக்க மறப்பவர்கள் உண்டு. தேடலில் தம் தளம் அகப்படவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தமிழருக்குத் தனியே ஓர் இடர் இருக்கிறது. 1990-களின் இறுதியில் ஆர்வலர் பலர் தத்தம் எழுத்துருவுக்குரிய குறியீட்டில் பக்கங்களை எழுதினர். திரையில் அவை தமிழாகத் தெரிந்தன. தேடுபொறிக்கோ பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையாகவே தெரிந்தன. இத்தகைய பக்கத்தில் 'கடற்கரைக் கோயில்' என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் யூனிகோடில் தட்டித் தேடுபவருக்கு அது அகப்படாது. தலைப்பகுதியில் 'யூடிஎஃப்-8' என்று ஒரு குறியை மட்டும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. உள்ளே இருக்கும் எழுத்து மாறாமல் மேலே சீட்டை மாற்றி ஒட்டுவதுதான் அது. முதலில் பாடத்தை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பிறகு அக்குறியைப் பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இட வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ர, ற போன்ற எழுத்துகள் சில சமயம் பிறழ்ந்துவிடும். ஆகவே ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.