றஹ்மானின் கணினியும் நம்மட றபானும்

ஏ. ஆர். றஹ்மானைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுத்தான் அடிபடுகிறது. 'நம்மட ஆள் ஒஸ்கார் எடுத்தவர்' என்பது ஒண்டு. 'இசையே கூடாது, பிறகென்ன றஹ்மான்' என்பது மற்றது. இரண்டு தரப்பாரும் அவருடைய பாட்டை ஊன்றிக் கேட்டவர்களாகத் தெரியவில்லை. மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. இங்கே பேசுவது கலையைப் பற்றி மட்டுமே.

1967இல் திலீப்குமாராகப் பிறந்தவர். மலையாளப் படங்களுக்கு இசையமைத்த தந்தை ஆர். கே. சேகர் 1976இல் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. பிறகு பிறர் குழுக்களில் கீபோட் வாசிப்பு, இஸ்லாத்தைத் தழுவல், 'தீன் இசைமாலை', வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக்கூடம். 1992இல் 'ரோஜா' வந்தது. அதுவரை வாத்தியக்காரர் பலர் ஒரே நேரத்தில் கூடி வாசித்ததைத் தனியறையில், துண்டு துண்டாகப் பதிந்து அடுக்கிக் கோக்கும் வேலையாக அவர் மாற்றினார்.

1994இன் 'முக்காலா'வில் இயந்திரம் முன்னே நின்று ஆடுகிறது. 2008இன் 'க்வாஜா மேரே க்வாஜா'வில் அது பின்னுக்குப் போய், குரலும் கைத்தட்டும் முன்வருகின்றன. 2011இன் 'குன் ஃபயகுன்'னும் இந்த வழிதான். இயந்திரத்தை எங்கே அடக்க வேண்டும் எண்டு கற்றுக்கொண்டதே அவருடைய வளர்ச்சி.

குறையும் உண்டு. பொல்லடியில் அண்ணாவியார் மெதுவாகத் தொடங்கி, ஆடுவோரின் மூச்சைப் பார்த்து வேகத்தை ஏற்றுவார். றபானும் ராத்திபும் அப்படித்தான். றஹ்மானின் கூட்டுப் பாடல்களில் தாளம் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. அழகு இருக்கிறது, ஆனால் ஆளையாள் பார்த்து மூச்சு ஏறும் அந்தச் சூடு இல்லை.

இதைச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதா? கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனின் ஓசையை 1950களிலேயே லாங் அடிகளார் பதிந்து வைத்தார். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் எத்தனை அண்ணாவிமாரின் குரல் பதிவில் இருக்கிறது? நாளைக்கு நம்மட பிள்ளையொண்டு கணினியில் இசை செய்ய உட்கார்ந்தால், எடுத்துக் கோக்க இந்த மண்ணின் ஓசை ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கையிலிருக்கும் தொலைபேசியே போதும். முதியவர்கள் இருக்கும்போதே பதிந்து, பாடியவர் பெயர், ஊர், திகதி குறித்து வைப்போம்.