செங்கல் நிறப் பாசிமணியை எப்படி ரசிப்பது?

அந்தமானில் ரங்கத் பக்கத்து ஆம்குஞ்ச் கடற்கரையில் கிழக்கே பார்த்து நின்றால், எதிரே விரியும் அந்தமான் கடலின் அக்கரையில் மியான்மர், அதற்குத் தெற்கே தாய்லாந்து. தாய்லாந்தில் க்ளோங் தோம் என்ற ஊரில் கண்ணாடிப் பாசிமணிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பத்தன் என்ற பொற்கொல்லரின் பெயரைத் தமிழ் பிராமியில் பொறித்த உரைகல்லும் அங்கேதான் கிடைத்தது. இவ்வகை மணிகள் நம் பக்கத்தில் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் செய்யப்பட்டன. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அதே அரிக்கமேடு.

மெயின்லாண்டுக்குப் போகும்போது புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். அரிக்கமேட்டு மணிகள் பலவும் மிளகளவுகூட இருக்காது. சிலைகளைப் பார்க்கும் வேகத்தில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

முதலில் இரண்டு நிறங்களை மட்டும் தேடுங்கள்: செங்கல் சிவப்பு, பச்சை கலந்த நீலம். இரண்டுக்கும் நிறம் கொடுத்தது செம்புதான். உலையில் காற்று தாராளமாக இருந்தால் செம்பு அயனியாகக் கண்ணாடியில் கரைந்து நீலம் காட்டும். காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் அதே செம்பு உலோகமாகத் திரும்பி, நுண்துகள்களாகத் திரளும். துகள் சில பத்து நானோமீட்டர் இருந்தாலே போதும். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். ஒளி பட்டதும் துகளுக்குள் எலெக்ட்ரான்கள் ஒருசேர ஊசலாடி, பச்சையையும் மஞ்சளையும் விழுங்குகின்றன, சிவப்பு மிஞ்சுகிறது. துகள்கள் பெருத்து நெருங்கினால் ஒளி சிதறி, மணி ஊடுருவிப் பார்க்க முடியாததாகிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் இந்தப் பக்குவத்தைக் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த மணிகளில் ஆகப் பெரிய அழகு அதுதான்.

அடுத்து, சிவப்பு மணியின் உடம்பு. பல மணிகளில் துளைக்கு இணையாக மெல்லிய கருங்கோடுகள் ஓடும். உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடுகாட்டி விளிம்பை மழுக்கியதால் வந்தவை இம்மணிகள். கோடுகள் அந்த இழுவையின் தடம். ஆந்திராவில் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இந்த இழுப்பு முறை நம் காலம்வரை வந்திருக்கிறது.

உலோகத் துகள் உள்ள கண்ணாடியை ஒரே பக்கத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நகரக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 4-ஆம் நூற்றாண்டு ரோமானிய லைகர்கஸ் கிண்ணம் இருக்கிறது. வெளியிலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை. உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. அதில் இருப்பவை வெள்ளி, தங்கத் துகள்கள்.

கையில் வைத்துப் பழக, ஃபேன்சி கடையில் ‘கோல்டு ஸ்டோன்’ என்று விற்கும் பழுப்பு மணி போதும். பெயர்தான் கல்; உண்மையில் அது கண்ணாடி. சிவப்பு வளையல் இதற்கு உதவாது, அதன் நிறம் பெரும்பாலும் காட்மியம், செலீனியத்தால் வருவது. பழுப்பு மணியை வெயிலில் மெல்லத் திருப்புங்கள். புள்ளி புள்ளியாக மின்னுபவை செம்புப் படிகங்கள், மெதுவாக ஆறவிட்டதில் கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்தவை. பூதக்கண்ணாடி இருந்தால் அவற்றின் தட்டையான முகங்களும் தெரியும்.