டாக்கோமீட்டரும் பட்டறைச் சம்பிரதாயமும்

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் அன்போடு பணித்தபோது, பாயிண்டையும் கண்டன்சரையும் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பூட்டிய பின் டாக்கோமீட்டரின் முள் தாறுமாறாகத் துள்ளுகிறது, அல்லது எழும்பவே மறுக்கிறது என்று அங்கத்தினர் பலர் முறையிட்டுவருவதால், அதைப் பற்றியே எழுதலாமென்று துணிந்தேன்.

கேபிளால் ஓடும் மீட்டர்களின் பரம்பரைக்கு இந்தச் சங்கடமில்லை. 1964-இல் ஐந்து பேரிங் எஞ்சினோடு எம்.ஜி.பி. காரில் வந்த ஸ்மித்ஸ் ஆர்.வி.ஐ. வகையும், பிற்பாடு அதன் ஸ்தானத்தைப் பெற்ற ஆர்.வி.சி. வகையுமே நம் விசாரணைக்குரியவை. பின்னது காயிலின் நெகடிவ் முனையில் வோல்டேஜைப் பார்த்து எண்ணுவதால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. முன்னதோ, காயிலுக்குப் போகும் வெள்ளை வயரையே தன் முதுகில் ஒரு சுற்றாக வாங்கிக்கொண்டு, அதில் ஓடும் கரண்ட் விட்டுவிட்டு வருவதை எண்ணுகிறது. கரண்டின் போக்கு மாறினால் கணக்கும் பிழைக்கிறது.

ஆர்.வி.ஐ. வகையில் எம் ஆசிரியர் வகுத்த முறைக்கு நிகரானதை நான் வேறெங்கும் கண்டதில்லை. டேஷ்போர்டில் கைவைக்குமுன் காயிலில் தனி மீட்டர் ஒன்றை மாட்டி, நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு 3000 சுற்றில் வினாடிக்கு 100 பொறி என்ற கணக்கோடு ஒப்பிட்டு, பிழை இக்னிஷனிலா மீட்டரிலா என்று முதலில் தீர்மானிப்பார். பிறகு, பச்சைக் களிம்பேறிய புல்லட் கனெக்டர்களை உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் கட்டையைச் சுற்றிய வயர் எந்தத் திசையில் நுழைகிறதென்று விரலாலேயே தடவிப் பார்ப்பார். ஏனெனில் 1967 வரை பாசிடிவ் எர்த்தாக வந்த கார்களை நெகடிவ் எர்த்துக்கு மாற்றியவர்கள் மீட்டரின் உள் இணைப்பையும் இந்தச் சுற்றையும் மாற்ற மறந்திருப்பார்கள். கடைசியில், புதிய மாடியூலின் சிவப்பு வயரைக் காயிலிலிருந்து எடுத்து, மீட்டருக்கு முன்பாகவே சாவியிலிருந்து வரும் சப்ளையில் சேர்ப்பார். காயிலின் கரண்ட் மட்டுமே சுற்றின் வழியே போனதும், பல கார்களில் முள் அப்போதே நிதானத்துக்கு வந்துவிடும். கண்டன்சர் டிஸ்சார்ஜ் வகை இக்னிஷனுக்கு மட்டும் இந்த உபாயங்கள் பெரும்பாலும் பலிப்பதில்லை; அங்கே உட்பலகையை மாற்றுவதை அவரும் அங்கீகரித்தார்.

இன்று இத்தொழிலில் இருப்போர் எவரையும் குறிப்பிட்டுக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களிலும் கைநேர்த்தியும் சிரத்தையும் உடையவர்கள் உண்டு. ஆயினும் ஒரு சிவப்பு வயரை இடம் மாற்றிப் பார்க்கும் பொறுமையின்றி, ஸ்மித்ஸ் உறுப்புகளை முழுதும் வெளியே வீசிவிட்டு, பழைய முகப்பலகையின் பின்னே புதுப் பொறியை ஒட்டி வைத்து, அதைச் சீரமைப்பு என்று பெயரிட்டு அழைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. வெள்ளை வயர் இன்னது, கறுப்புக் கோடிட்ட வெள்ளை வயர் இன்னது என்ற வர்ண சாஸ்திரம் அறியாதவர்கள், கைக்குக் கிடைத்த வயரை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிடுகிறார்கள். குறை காணக் கற்பிப்பாரும் இல்லை, கற்பாரும் இல்லை. ஆராய்வதற்குப் பதில் மாற்றுவதே வித்தை என்றாகிவிட்ட காலத்தில், கார் மட்டுமல்ல, கடிகாரமும் வீணையும் கோயில் மணியும்கூட இனி யார் கையில் பிழைக்குமோ என்று நெஞ்சம் பதறுகிறது.

ஆகவே சங்கத்தின் மூத்தோருக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு: மீட்டரைப் பிரிக்கும் பட்டறைக்காரர், கழற்றிய பழைய உறுப்புகள் அனைத்தையும் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று இவ்வருஷப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றித் தாருங்கள்.