பாடபேதமும் சாட்சியும்: ஆக்ரா வாதத்தின் இரு நூல்கள்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் அமைந்தது லைட்ஹவுஸ் குப்பம். அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் பழவேற்காடு. தமிழை அரபு எழுத்தில் எழுதிவந்த அர்வி மரபைப் போற்றிய இஸ்லாமியக் குடும்பங்கள் வாழும் ஊர் அது. இப்பகுதியில் ஊழியம் செய்யும் ஆயரையோ, பயிற்சிக்கு வரும் இறையியல் மாணவரையோ நோக்கி, மீன் வாங்கும் இடத்திலோ தேநீர்க் கடையிலோ ஒருவர், "ஐயா, உங்க வேதத்தை நடுவிலே மாத்திட்டாங்களாமே, உண்மையா?" என்று கேட்கக்கூடும். கேட்பவர் பகைமையால் கேட்கவேண்டுவதில்லை. அண்டை வீட்டார் என்ற உரிமையாலும் கேட்கலாம்.

இதற்கு நம்மவர் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். ஓர் எழுத்தும் மாறவில்லை என்பது ஒன்று. உங்கள் மறையில் மட்டும் பேதம் இல்லையோ என்று திருப்பிக் கேட்பது மற்றொன்று. இவ்விரண்டும் நேர்மையான விடைகள் ஆகா என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதை விளங்கிக்கொள்ள, இந்திய மண்ணில் எழுந்த புகழ்பெற்ற வாதத்தின் இரு நூல்களை மீண்டும் படித்தல் நலம்.

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆக்ரா நகரில் இரண்டு நாட்கள் அவ்வாதம் நடைபெற்றது. ஒருபுறம் ஜெர்மானிய அருட்பணியாளர் பாண்டர். அவருக்குத் துணையாகப் பிற்காலத்தில் லாகூர் பேராயரான தாமஸ் பிரெஞ்சு. மறுபுறம் மௌலானா ரஹ்மதுல்லாஹ் கைரானவி. அவருக்குத் துணையாக ஆங்கில மருத்துவம் கற்ற டாக்டர் வசீர்கான். முந்திய வேதம் நீக்கப்பட்டதா, அது திரிக்கப்பட்டதா, திரித்துவம், முகம்மது நபியின் தூதுத்துவம், குர்ஆன் ஆகியவற்றைப் பற்றி வாதிட உடன்பட்டிருந்தனர். எனினும் முதல் இரண்டு பொருள்களோடு வாதம் நின்றுபோயிற்று. விவிலியப் பிரதிகளில் பாடபேதங்கள் உண்டென்றும், சில இடங்களில் பிற்சேர்க்கை நிகழ்ந்ததென்றும் கிறிஸ்தவத் தரப்பினர் ஒப்புக்கொண்டனர். கூடியிருந்தோரில் பலர் அதையே தோல்வியாகக் கொண்டனர்.

பாண்டரின் நூல் 'மீஸானுல் ஹக்', அதாவது சத்தியத்தின் துலாக்கோல். 1829இல் ஜெர்மன் மொழியில் எழுதப்பெற்றுப் பின்னர் பாரசீகத்திலும் உருதுவிலும் வெளிவந்தது. இதன் வலிமையான பகுதி வரலாற்று வாதமாகும். குர்ஆன் முந்திய வேதங்களுக்குச் சான்று பகர்கின்றது. ஆதலால் வேதம் திரிக்கப்பட்டிருப்பின் அது நபியின் காலத்திற்குப் பின்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆனால் அதற்கு முந்திய பிரதிகளும் இன்றைய வேதத்தையே காட்டுகின்றன என்பார். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எனினும் அவர் ஏந்திய துலாக்கோலில் ஒரு குறை உண்டு. மெய்யான வெளிப்பாட்டிற்குரிய இலக்கணங்களை அவர் முதலில் வகுக்கின்றார். பின்னர் அவை விவிலியத்திற்குப் பொருந்துமென்றும் குர்ஆனுக்குப் பொருந்தா என்றும் நிறுவுகின்றார். அவ்விலக்கணங்களே நற்செய்தியிலிருந்து எடுக்கப்பட்டவை. தன் வீட்டு மரக்காலால் அளந்துவிட்டு, அயலானுடைய நெல் குறைகிறது என்பதுபோல் ஆயிற்று.

கைரானவியின் நூல் 'இஸ்ஹாருல் ஹக்', அதாவது சத்தியத்தை வெளிப்படுத்தல். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் தாயகத்தை விட்டு மக்கா சென்ற அவர், 1864இல் இதனை அரபு மொழியில் எழுதினார். ஹார்ன், லார்ட்னர் முதலிய ஐரோப்பிய அறிஞரின் நூல்களையே சான்றாகக் காட்டி விவிலியத்தை அவர் ஆராய்ந்த திறம் போற்றத்தக்கது. பாண்டர் தம் நாட்டு வரலாற்றுத் திறனாய்வைப் பொருட்படுத்தாதிருந்த வேளையில், அதனைக் கருத்தூன்றிப் படித்தவர்கள் கைரானவியும் வசீர்கானும் என்பது நாம் நாணத்துடன் நினைவுகூரத்தக்கது. ஆயினும் இவரிடத்தும் அதே குறை உண்டு. திறனாய்வை எதிரியின் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டாரேயன்றி, ஒரு முறையியலாகக் கொண்டாரில்லை. நகலெடுப்போர் கைப்பிழையையும் கருதிச் செய்த திரிபையும் ஒரே கூடையில் இட்டார். அதே முறையியல் தம் மறையின் பிரதிகளை அணுகுங்கால் யாது கூறும் என்ற வினாவை எழுப்பவில்லை.

இரு நூல்களும் அருகருகே வைக்கப்படும்போது ஓர் உண்மை புலனாகின்றது. இருவரும் 'வேதம்' என்ற ஒரே சொல்லால் இருவேறு பொருள்களைச் சுட்டினர். இஸ்லாமிய நம்பிக்கையில் இறைவன் அருளிய சொற்களே குர்ஆன். அதன் தமிழாக்கம் தர்ஜமாவேயன்றிக் குர்ஆன் ஆகாது. திருச்சபையின் நம்பிக்கையிலோ, வார்த்தையானவர் கிறிஸ்துவே. நற்செய்தி நூல்கள் அவரைப் பற்றி நால்வர் தந்த சாட்சி. ஆகவேதான் நூலோடு நூலை ஒப்பிடுவதினும், குர்ஆனைக் கிறிஸ்துவோடு ஒப்பிடுதலே பொருத்தம் என்று வில்பிரட் காண்ட்வெல் ஸ்மித் போன்ற அறிஞர் கூறினர். ஓர் எழுத்தும் மாறவில்லை என்று நாம் சாதிக்குங்கால், நம் வேதத்தைப் பற்றி இஸ்லாமியர் கொண்ட கோட்பாட்டையே நாமும் ஏற்றுக்கொண்டு, அதன்படி தோற்றும்போகின்றோம்.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தி அன்று. 1 யோவான் 5:7ஐ எடுத்துக்கொள்வோம். பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய அத்தொடர் பண்டைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. எராஸ்மஸ் தம் கிரேக்கப் பதிப்புகளில் 1516இலும் 1519இலும் அதனைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். ஆயினும் 1871ஆம் ஆண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பில் அது இடம்பெற்று, இன்றும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகின்றது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது இல்லை. இரண்டையும் கையில் வைத்திருக்கும் விசுவாசி ஒருவர் காரணம் கேட்டால், அவர் அதனைத் தம் ஆயரிடமிருந்து முதலில் அறிகின்றாரா, வாதமேடையிலிருந்து முதலில் அறிகின்றாரா? கல்லூரியில் நாம் கற்ற மூலபாடத் திறனாய்வு தேர்வுத்தாளோடு முடிந்துபோகின்றது; பிரசங்கபீடம் அதனை அறிவதில்லை. ஆக்ராவில் நாம் தோற்றது உண்மையை ஒப்புக்கொண்டதனால் அன்று. சபைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதைப் பிறர் கேட்டபின் ஒப்புக்கொண்டதனாலேயே அது தோல்வியாகத் தோன்றிற்று.

இரண்டாம் விடையைப் பற்றியும் ஒரு சொல். உதுமான் கலீபா ஒரு பிரதியை நிலைநாட்டி ஏனையவற்றை எரிக்கச் செய்தார் என்பதை இஸ்லாமிய மரபே மறைக்காமல் கூறுகின்றது. ஓதுமுறைகள் பல உண்டென்பதையும் அவர்தம் அறிஞர் நூற்றாண்டுகளாக ஆய்ந்துவந்துள்ளனர். 1972இல் ஏமன் நாட்டுச் சனா நகரில் கிடைத்த ஏடுகளில், அழித்து மேலெழுதப்பட்ட பழம்பாடமும் உண்டு. இவற்றைக் கற்பது தகும். கல்லாக எடுத்து எறிவது தகாது. அண்மைக் காலத்தில் தமிழிலும் நடந்த மேடைவாதங்களில் இருதரப்பிலும் கேட்ட கைதட்டல், ஒருவரையேனும் தம் மறையை ஆழ்ந்து படிக்கத் தூண்டியதா என்பது ஐயமே.

பழவேற்காட்டிலேயே நமக்கு வேறொரு முன்மாதிரி உண்டு. 1632 முதல் 1642 வரை அங்கு டச்சுக் குருவாயிருந்த ஆபிரகாம் ரோஜர், பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651இல் வெளிவந்தது. அவரிடமும் தம் காலத்துக் குறைகள் இருந்தன. அவர் தம் நம்பிக்கையை விட்டவரும் அல்லர். எனினும் மறுக்குமுன் கேட்டார். அந்தப் பொறுமை இஸ்லாமிய அண்டையாரிடத்தும் நமக்கு வேண்டும்.

ஆதலால் லைட்ஹவுஸ் குப்பத்துச் சாலையில் அக்கேள்வியைக் கேட்பவருக்கு நாம் இவ்வாறு கூறலாம்: "ஆம் ஐயா, நகல் எடுத்தவர்கள் கையால் மாறிய இடங்கள் உண்டு. அவை எவை என்று நாங்களே தேடி எழுதிவைத்திருக்கிறோம். வாருங்கள், காட்டுகிறேன்." அவ்வாறு கூறும் துணிவு ஆயருக்கு வரவேண்டுமாயின், அவர் அதனை முதலில் தம் சபையில் கூறியிருத்தல் வேண்டும்.