குழப்படிக்காரனும் அவன் தாயும்

ஜேர்மன் நாட்டுக் குழந்தை இலக்கியத்தில் பெயர்பெற்ற சிறு கதைப்பாட்டு ஒன்றுண்டு. பிராங்பர்ட் நகர வைத்தியர் ஹைன்ரிச் ஹொஃப்மன் தம் மகனுக்காக 1844இல் எழுதிப் படமும் வரைந்து, மறு ஆண்டு வெளியிட்ட நூலின் பிற்பதிப்பொன்றில் அது இடம்பெற்றது. உணவு மேசையில் அமைதியாக இருக்கவியலாத பிலிப் என்னும் சிறுவன் நாற்காலியை ஆட்டி ஆட்டி விழுகிறான்; விழும்போது மேசைவிரிப்பைப் பற்றி இழுக்க, உணவனைத்தும் தரையிற் கொட்டுகிறது. தந்தை கண்டிக்கிறார். தாயோ வாய் பேசாது மேசையைச் சுற்றிப் பார்க்கிறாள்.

இன்று ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கம் பற்றி எழுதுவோர் பிலிப்பை அடிக்கடி உதாரணமாகக் காட்டுவர். நாம் பார்க்க விரும்புவது அந்தத் தாயை. அவள் ஏன் பேசவில்லை? சிறுவனின் குற்றத்தைப் பாடிய ஆசிரியருக்கு அக்கேள்வி எழவேயில்லை. 1902இல் லண்டன் வைத்தியர் ஜோர்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளை விவரித்தபோதும், ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே பெயரிட்டார். நோய்க்கு வைத்த பெயரே தீர்ப்பாக இருந்தது.

எம்மவரும் அத்தீர்ப்பை ஒரு சொல்லில் அடக்கி வைத்திருக்கிறோம்: 'குழப்படி'. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைத் தாண்டி, கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் இறக்கக்கண்டியை எண்ணிப் பார்ப்போம். யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையையும் கண்ட கரையோரம் அது. அங்கே ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருப்புக் கொள்ளாவிட்டால், முதலில் அவன் குழப்படிக்காரன். ஐந்தாந்தர புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகையில் மொக்கன். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்ற பழமொழி தாயையும் குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. பிறர் சொல்லுமுன் அவளே 'என் வளர்ப்புப் பிழை' என்று சொல்லிவிடுகிறாள். பெற்றார் கூட்டத்தில் கடைசி வாங்கில் அமர்கிறாள். பிறகு போவதையே நிறுத்துகிறாள். களங்கம் அடுத்தவர்மீதும் படரும் என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் எழுதினார். படர்ந்த களங்கத்தைத் தன் இயல்பென்று ஒருத்தி ஏற்றுக்கொள்ளும்போதுதான் கொடுமை நிறைவு பெறுகிறது.

தந்தையின் நிலை வேறு. இக்குறைபாட்டில் மரபுக்கூறின் பங்கு நூற்றுக்கு எழுபதுக்கு மேல் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. பிரம்பெடுக்கும் தந்தையரிற் சிலராவது, தாம் எதற்காக அடிபட்டு வளர்ந்தனரோ அதற்காகவே மகனை அடிக்கின்றனர். பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடுத்து 2005இல் கல்வி அமைச்சு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை விடுத்தது. வீட்டுக்குச் சுற்றறிக்கை ஏது?

கலை இங்கு என்ன செய்தது? 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் ஹிந்திப் படம், வாசிப்புக் குறைபாடுள்ள ஒரு சிறுவனின் துயரை நெஞ்சுருகக் காட்டியது. இது வேறு குறைபாடாயினும் அவமானம் ஒன்றே. படத்தின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் அவன் ஓவியப் போட்டியில் முதற்பரிசு பெற்ற பின்னரே உலகம் அவனை ஏற்கிறது. ஹொஃப்மன் தண்டித்தார், படம் பரிசளித்தது. அளவுகோல் மட்டும் கைமாறவில்லை. பரிசு பெறும் திறமை ஏதுமில்லாத பிலிப்புக்கு எந்தத் திரையில் இடம்?

கரைவலை இழுக்கும் இடத்தில் அச்சிறுவன் தானே சீராகிவிடுவான் என்று எழுதுவதும் பொய்யே. கடலிற் கவனம் சிதறினால் உயிருக்கே ஆபத்து. அவனுக்கு மருத்துவமும் வேண்டும், பொறுமையுள்ள ஆசிரியரும் வேண்டும். வறுமையையும் சாதியையும் துணிந்து எழுதிய எமது எழுத்தாளர்கள், கடைசி வாங்கில் அமர்ந்த அத்தாயை இன்னும் போதிய அளவு எழுதவில்லை. மகன் எந்தப் பரிசும் பெறாமல், பரீட்சையில் தவறிய மறுநாளும், அவள் பெற்றார் கூட்டத்துக்குச் சென்று முன் வாங்கில் அமரும் கதையை நாம் எதிர்பார்க்கிறோம்.